ஏழாம் மாதத்தில் வந்த பேதி

1. செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்த குழந்தை, ஏழு மணிக்குள் நான்கு முறை நீராகப் பேதி போனாள்.
2. தாய்ப்பால் குடித்தாள். குடித்ததில் பாதியைக் கக்கினாள்.
3. எட்டு மணிக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கலக்கிக் கொடுத்தேன். நான்கு ஸ்பூனுக்குப் பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
4. ஒன்பது மணிக்கு ஐந்தாவது முறை போனாள். அதிகாலையிலிருந்து சிறுநீர் போனதாக என் நோட்டில் இல்லை.
5. அழுதாள். கண்ணீர் வரவில்லை.
6. தக்காளிப் பெட்டிகளோடு பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த என் கணவரைப் போனில் அழைத்தேன். வண்டியை வழியில் தெரிந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, அந்தத் தெரிந்தவரின் பைக்கை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.
7. பத்து மணிக்கு மூன்று பேரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தோம்.
8. ஐந்து வாரங்களில் இது மூன்றாவது பேதி.

எட்டாவதாக எழுதியிருப்பதுதான் எனக்குப் பயம். குழந்தைக்கு ஒரு தடவை பேதியானால் அது எங்கிருந்தாவது வந்திருக்கும் என்று விட்டுவிடலாம். மூன்று தடவை என்றால் அது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அன்று அவளுக்கு ஏழு மாதம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஆறாம் மாத முடிவில் ஆறு கிலோ எண்ணூறு கிராம் இருந்தவள், அன்றைய தராசில் ஆறு கிலோ நானூறு.

நான் வேதியியல் படித்தவள். தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை. குழந்தைக்காக விடுப்பை நீட்டித்து வீட்டில் இருந்தேன். பிறந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எத்தனை மணிக்குப் பால், எத்தனை நிமிடம், எத்தனை முறை சிறுநீர், மலத்தின் நிறம், உடல் சூடு, எந்தத் தடுப்பூசி எந்தத் தொடையில் என்று கட்டம் கட்டமாக இருக்கும். முதல் வாரத்தில் மஞ்சள் காமாலை லேசாகத் தெரிந்ததை அந்த நோட்டுதான் காட்டிக்கொடுத்தது. இடுப்பில் புண் வந்தபோது, துணி எத்தனை மணி நேரம் மாற்றப்படாமல் இருந்தது என்பதையும் அதில் பார்த்துத்தான் சரிசெய்தேன். அதனால் அந்த நோட்டின் மேல் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

மருத்துவர் இளைஞர். குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். அது உடனே படியவில்லை, கொஞ்சம் தயங்கித்தான் படிந்தது. கண்கள் உள்வாங்கியிருந்தன. ஆனால் ஸ்பூனைக் காட்டியதும் வாயைத் திறந்து எட்டி வந்தாள்.

"தாகம் இருக்குது, குடிக்கிறா. அது நல்லது. இங்கேயே நாலு மணி நேரம் வெச்சிக் குடுங்க. அரை லிட்டர் கரைசல் உள்ள போவணும். ரெண்டு மணிக்குப் பார்ப்பேன். தெளியலன்னா தருமபுரி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிருவேன், அங்க ட்ரிப்ஸ் போடணும்" என்றார்.

சுவர்க் கடிகாரத்தில் பத்து மணி பத்து நிமிடம். இரண்டு மணிக்குள் அவள் சிறுநீர் போக வேண்டும். எங்கள் மூன்று பேருக்கும் அன்று இருந்த ஒரே வேலை அதுதான்.

எங்களோடு அந்த நாலு மணி நேரமும் அடிக்கடி வந்து நின்றவர், எங்கள் ஊருக்கான கிராம சுகாதார செவிலியர். ஊரில் எல்லாருக்கும் அவர் நர்ஸம்மா. எனக்கு சிஸ்டர். நாற்பத்தைந்து வயது இருக்கும். காதோரம் நரை. நடக்கும்போது கைப்பை தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும், அதை ஏற்றிவிட்டுக்கொண்டே பேசுவார். நான் மடியில் வைத்து அவசரமாக ஊட்டியதில் பாதி கழுத்தில் வழிந்தது. அவர் என் கணவரைப் பார்த்தார்.

"நீங்க புடிங்க தம்பி. ஒரு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். வேகம் வேணாம். கக்குனா பத்து நிமிஷம் நிறுத்திட்டு, அப்பறம் இன்னும் மெதுவா. நடுவுல நடுவுல அம்மா பால் குடுக்கட்டும், அத நிறுத்தவே கூடாது."

என் கணவர் எதையும் வேகமாகச் செய்பவர். ஒரு பெட்டி தக்காளியைத் தரம் பிரிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைப்பதற்குள் முடித்துவிடுவார். அந்த மனிதர் போனில் நேரம் பார்த்து, நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று, நகராமல் உட்கார்ந்து ஊட்டினார். மார்க்கெட்டிலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. பக்கத்து பெஞ்சில் பேரனுக்கு ஊசி போட வந்திருந்த ஒரு அம்மா, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"பல்லு மொளைக்குதும்மா. பல்லு மொளைச்சா வயிறு போவத்தான் செய்யும். தண்ணி குடுக்கக் குடுக்க இன்னும்தான் போவும். நிறுத்திட்டா நின்னுரும்."

நர்ஸம்மா அதைக் கேட்டுவிட்டார். "ஏம்மா, உங்க வூட்டு டேங்குல ஓட்டைன்னா, தண்ணி ஏத்தறத நிறுத்திருவீங்களா?" என்றார்.

"ஓட்டைய அடைப்போம்."

"அது வரைக்கும்?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். "ஏத்திக்கிட்டுத்தான் இருக்கணும்."

"அதத்தான் தம்பி பண்றாரு. பல்லு மேல பழியப் போடாதீங்க. அது பாவம், அது பாட்டுக்கு மொளைக்குது."

பன்னிரண்டே முக்காலுக்கு அவள் என் கணவரின் வேட்டி நனைய சிறுநீர் போனாள். அவர் எழவே இல்லை. "போயிட்டா, போயிட்டா" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த ஸ்பூனை எடுத்தார். இரண்டு மணிக்கு மருத்துவர் வந்தபோது அவள் அவருடைய ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுத்தாள். துத்தநாக மாத்திரை பதினான்கு நாளைக்குக் கொடுத்தார். ஒரு நாளும் விடாமல் கொடுக்க வேண்டும், பேதி நின்றாலும் நிறுத்தக் கூடாது என்றார். இரத்தம் கலந்து போனாலோ, குடிக்க மறுத்தாலோ, துவண்டு போனாலோ உடனே வரச் சொல்லி அனுப்பினார்.

கிளம்பும்போது நர்ஸம்மா என்னிடம் கேட்ட கேள்வி எனக்கு விநோதமாக இருந்தது.

"பாப்பாவுக்குக் காலைல கஞ்சி எத்தினி மணிக்குக் குடுப்ப?"

"ஒன்பதுக்கு, சிஸ்டர்."

"நாளைக்கு ஒன்பதுக்கு வர்றேன். நான் வர்ற வரைக்கும் கஞ்சி வெக்காத. பால் மட்டும் குடு."

நோட்டைக் காட்டி ஐந்து வாரக் கணக்கையும் விளக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் "நாளைக்கு, நாளைக்கு" என்று போய்விட்டார்.

அன்று மாலை நோட்டைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரே ஒரு சந்தேகம்தான் அதில் இருந்தது. அதை நான் இரண்டாவது பேதிக்குப் பிறகு தனிக் கட்டமாகவே போட்டிருந்தேன். தலைப்பு: "மாமா கை."

மாமா என்றால் என் மாமனார். மாமியார் எங்கள் திருமணத்துக்கு முன்பே இல்லை. வீட்டில் நாங்கள் மூன்று பேர், குழந்தையோடு நான்கு. மாமா பொழுதுக்கும் தக்காளித் தோட்டத்தில் இருப்பார். மருந்து அடிப்பார், எருவில் கை வைப்பார், வந்ததும் குழந்தையைத் தூக்குவார். இரண்டாவது பேதி வந்தபோது, வாசலில் ஒரு வாளியும் சோப்பும் வைத்து, கை கழுவாமல் தொடக் கூடாது என்று சொன்னேன். அதை நான் நல்ல முறையில் சொல்லவில்லை. அவர் அன்றிலிருந்து முழங்கை வரை சோப்புப் போட்டார். அப்படியும் மூன்றாவது முறை வந்துவிட்டது.

மறுநாள் ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நர்ஸம்மாவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. நேராக வாளியிடம் போய்க் கை கழுவினார். குழந்தையைத் தூக்கிக் கண்ணைப் பார்த்தார், உச்சியைத் தடவினார். பிறகு நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"ஆபீஸ் ஃபைல் கூட இப்பிடி இருக்காது" என்றார். ஒரு பக்கத்தில் நின்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்திருந்த மாமாவிடம் திரும்பினார். "என்னாங்க பெரியவரே, உங்க கைக்குன்னு தனியா ஒரு கட்டம் போட்டு வெச்சிருக்குது உங்க மருமவ?"

எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது.

"தெரியுங்க நர்ஸம்மா. படிச்சேன்" என்றார் மாமா. "எம்பேர்ல எங்க பெரியப்பன் ஒரு செண்டு நெலம் எழுதல. பேத்தி நோட்டுல ஒரு கட்டமாச்சும் இருக்கட்டும்."

நர்ஸம்மா நோட்டை மூடி ஓரமாக வைத்தார். "இது நல்ல நோட்டு. ஆனா இத வெச்சி என்னால கண்டுபுடிக்க முடியாது. நீ கஞ்சி வை. எப்பவும் எப்பிடி வெப்பியோ அப்பிடி. நான் இருக்கறன்னு நெனைக்காத."

அவர் அடுப்பங்கரைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். நான் கை கழுவினேன். ஊறவைத்து அரைத்து வடிகட்டிய ராகிப் பாலை எடுத்தேன். கொதிக்க வைத்த தண்ணீரில் கரைத்து, கைவிடாமல் கிளறினேன். ஆய்வகத்தில் மேலதிகாரி பின்னால் நிற்கும்போது எப்படி வேலை செய்வேனோ அப்படிச் செய்தேன். ஒரு தவறும் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

குழந்தைக்குப் பசி. ராகி வாசம் வந்ததும் சிணுங்கினாள். சிணுங்கல் அழுகையானது. நான் குழந்தையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டியபோது நர்ஸம்மா தரவில்லை.

"நீ பாரு உன் வேலைய. அழுவட்டும்."

அழுகை கூடியது. முகம் சிவந்தது. வாசலிலிருந்து மாமா, "ஏங்கண்ணு, ஆச்சா? கொழந்த தேம்புது" என்றார். கஞ்சி கெட்டியாக, ஆவி பறக்க இருந்தது. நான் ஊதினேன். விரலால் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த சொம்பிலிருந்து இரண்டு ஸ்பூன் தண்ணீர் ஊற்றிக் கலக்கினேன். பதமாக வந்தது. குழந்தையை மடியில் வாங்கி, ஸ்பூனை வாயருகே கொண்டுபோனேன்.

நர்ஸம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப என்னா ஊத்துன?"

"தண்ணி, சிஸ்டர்."

"எந்தத் தண்ணி?"

நான் சொம்பைப் பார்த்தேன். வாசலிலிருந்து மாமா பெருமையாகச் சொன்னார்: "காவேரித் தண்ணிங்க. நம்ம வூட்ல கொழந்தைக்கு போர் தண்ணி ஒரு சொட்டு ஆவாது."

அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்பதை எழுத முயன்று பலமுறை அடித்துவிட்டேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன். ஆறு மாதம் முடிந்து கஞ்சி ஆரம்பித்த நாளிலிருந்து தினமும் காய்ச்சாத அந்த இரண்டு ஸ்பூனை நான் ஊற்றிவந்திருக்கிறேன். என் நோட்டில் "காய்ச்சிய தண்ணீரில் ராகிக் கஞ்சி" என்று ஒவ்வொரு நாளும் இருக்கிறது. கை கழுவியது இருக்கிறது, கிண்ணம் வெந்நீரில் போட்டது இருக்கிறது. ஆறவைக்க ஊற்றிய தண்ணீர் ஒரு நாள்கூட இல்லை. மறைக்கவில்லை. அதைச் சமையலில் ஒரு படியாகவே நான் நினைக்கவில்லை.

எங்கள் பக்கத்து ஊர்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதனால் மாமாவின் பற்கள் சிறு வயதிலேயே பழுப்பாகிவிட்டன. ஐம்பதுக்குள் முட்டி மடங்காமல் போய்விட்டது. காவேரித் தண்ணீர் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்க் குழாய் ஊருக்கு வந்ததிலிருந்து, நான்கு நாளைக்கு ஒரு முறை வரும் அந்தத் தண்ணீரை அவர் நீல டிரம்மில் பிடித்து, மூடி போட்டு, மூடிமேல் செங்கல் வைத்துக் காப்பார். பாத்திரம் கழுவ ஒரு கை அள்ளக் கூடாது. நான் திருமணமாகி வந்த முதல் மாதம், அந்த டிரம் தண்ணீரை பாட்டிலில் எடுத்துப் போய் ஆய்வகத்தில் சோதித்து, ஃபுளோரைடு, உப்பு எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னேன். "சுத்தமான தண்ணி மாமா" என்ற சொற்கள் என்னுடையவை. என் மேசை இரசாயனம் பார்க்கும் மேசை. கிருமி பார்ப்பது வேறு அறை, வேறு ஆள். அந்த பாட்டில் அந்த அறைக்குப் போகவில்லை.

நர்ஸம்மா எழுந்து டிரம்மைப் பார்க்கப் போனார். மாமா செங்கல்லை எடுத்து மூடியைத் திறந்தார். தண்ணீர் பளிங்குபோலத்தான் இருந்தது.

"எப்பிடி எடுப்பீங்க? எடுத்துக் காட்டுங்க."

மாமா வாளிக்குப் போய், சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி வந்து, சொம்பை அமுக்கி மொண்டார்.

"இந்த வூட்லயே சுத்தமான கை உங்களுதுதான்" என்றார் நர்ஸம்மா. என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "டிரம்ம காலி பண்ணிக் கழுவுனது எப்ப?"

மாமா அவரைப் புரியாமல் பார்த்தார். "காலி பண்றதா? தண்ணி வர்றப்ப மேல புடிச்சி ரொப்பிக்குவோம். மிச்சம் இருக்கற காவேரித் தண்ணிய யாருங்க கீழ ஊத்துவாங்க?"

"உள்பக்கம் கைய வெச்சித் தடவிப் பாருங்க. கீழ வரைக்கும்."

அவர் குனிந்து, தோள் வரை கையை விட்டுத் தடவினார். கையை வெளியே எடுத்தவர், விரல்களைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பாசி போலக் கொழகொழப்பாக இருந்தது. இரண்டு வருடத்துக்கு மேலாக, நான்கு நாளைக்கு ஒரு முறை, பழையதன் மேல் புதியதை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பெரியவர்களின் வயிறு அதைத் தாங்கிக்கொண்டது. ஏழு மாதக் குழந்தையின் வயிறு தாங்கவில்லை.

அவருடைய வயதில் இன்னொருவராக இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்திருக்கிறேன். நாங்களும் இதைத்தானே குடித்து வளர்ந்தோம் என்று சொல்லலாம். நீதானே சுத்தம் என்று சொன்னாய் என்று என்னைக் கேட்டிருக்கலாம். அது நியாயமும்கூட. மாமா இரண்டையும் சொல்லவில்லை. மடங்காத முட்டியோடு டிரம்மை அடிவிளிம்பில் லேசாகச் சாய்த்து உருட்டிக்கொண்டுபோய், தென்னை மரத்தடியில் முக்கால் டிரம் காவேரித் தண்ணீரைக் கொட்டினார். கொட்டும்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. குரலை மட்டும் கேட்டேன்.

"குடி குடி. உனக்கு இன்னிக்கித்தான் தீவாளி."

நர்ஸம்மா பிளீச்சிங் பவுடர் எவ்வளவு, எத்தனை நேரம் ஊற வேண்டும், எப்படிக் காயவைக்க வேண்டும் என்று அவருக்குச் சொன்னார். குழாய் வைத்த பானை வாங்கினால் யாரும் உள்ளே கை விட வேண்டியதில்லை என்றார். என்னிடம், கஞ்சிக் கிண்ணத்தை அகலமான ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும் என்றார். இளக்க வேண்டுமானால் காய்ச்சி ஆறிய தண்ணீரைத் தனியாக மூடி வைத்துக்கொள்ளச் சொன்னார். இது அவ்வளவு சின்ன விஷயம். அதற்கு ஐந்து வாரமும் நானூறு கிராமும் போயிருக்கின்றன.

"சிஸ்டர், முதல் தடவையே நான் உங்களிடம் சொல்லியிருந்தால், எந்தத் தண்ணீர் என்று அப்போதே கேட்டிருப்பீர்களே" என்றேன். பேச்சில் அப்படிச் சொல்லவில்லை, அழுகையோடு எதையோ சொன்னேன். பொருள் அதுதான்.

அவர் புதுக் கஞ்சியை என் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். "கேட்டிருப்பேன். நீ ‘காய்ச்சித்தான் குடுக்கறேன்’னு சொல்லியிருப்ப. எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க. யாரும் பொய் சொல்றதில்ல. முன்னாடி நானும் கேட்டு எழுதிக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு வூட்ல கொழந்த அழுவறப்ப எதேச்சையா உக்காந்திருந்தேன். அப்பத்தான் தெரிஞ்சிது, கொழந்த அழுதா எல்லாரு கையும் வேற மாதிரி ஓடுது. அதுலருந்து பசிக்கற நேரம் பாத்துத்தான் போறது."

அதற்காகத்தான் ஒன்பது மணி. அதற்காகத்தான் குழந்தையை என்னிடம் தரவில்லை. என் ஆய்வகத்தில் எத்தனையோ கருவிகள் இருக்கின்றன. தண்ணீர் எங்கே கெட்டது என்று கண்டுபிடிக்க அவர் கொண்டுவந்தது பசித்த குழந்தையின் அழுகை ஒன்றைத்தான். அவளை அழவிட்டு, தான் அசையாமல் உட்கார்ந்து, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பொறுமை எனக்கு இல்லை. வரவேண்டும் என்று விரும்புகிறேன்.

அவர் போனதும் மாமாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் டிரம்மைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"விடு கண்ணு. வாளி வாசல்லயே இருக்கட்டும். கைய கழுவுனா நல்லாத்தான் இருக்குது" என்றார்.

இப்போது அவளுக்குப் பதினோரு மாதம். எடை எட்டு கிலோ நூறு கிராம். துத்தநாக மாத்திரை பதினான்கு நாளும் கொடுத்து முடித்தோம். ஒன்பதாம் மாதத் தடுப்பூசி போட்டாகிவிட்டது. நடுவில் ஒரு சளிக் காய்ச்சல் வந்து மூன்று நாளில் போனது. நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். பகலில் என் கணவரும் மாமாவும் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அவளுக்குப் பேதி வரவில்லை.